இல்லாத நாட்டிலிருந்து ஒரு மஞ்சள் கடிதம்

குகதாசன் பாலத்தைத் தாண்டித் தபால் சைக்கிளை மேட்டுத் தெருவுக்குத் திருப்பியபோது மணி பத்து ஐந்து. அதாவது மற்ற எல்லாருக்கும் பத்து ஐந்து, அந்தத் தெருவின் கடைசி வீட்டில் மட்டும் ஒன்பது ஐந்து. மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜேர்மனி முழுவதும் கோடைகாலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்தாயிற்று, மாதா கோயில் மணிக்கூடு உட்பட. அந்த வீட்டுக்காரர் மன்ஃபிரெட் ஓஸ்டர்மான் மட்டும் தள்ளவில்லை. இல்லாத அரசாங்கம் ஒண்டு சொல்லி நான் ஏன் என்ரை நேரத்தை மாத்த வேணும் என்று கேட்டுவிட்டார். கேட்டது ஜேர்மன் மொழியில்தான். குகதாசன் முப்பத்தேழு வருசமாக இந்த நாட்டில் இருந்தும், மன்ஃபிரெட் கதைப்பதெல்லாம் அவர் தலைக்குள் சொந்த ஊரான காரைநகர்ப் பேச்சாகவே வந்து இறங்கும், தான் பதில் சொல்லும்போது ஒருமையில் சொல்வதுகூடத் தலைக்குள் ‘நீங்கள்’ ஆகிவிடும், என்ன இருந்தாலும் பத்தொன்பது வயது மூத்த மனிதர். முன்கூடையில் கடிதக் கட்டுகளுக்கு மேலே ஒரு மஞ்சள் உறை தனியாகக் கிடந்தது. பாலத்தடியிலிருந்து அதைப் பார்க்காமல் ஓட்டுவது என்று முடிவெடுத்திருந்தார், முடிவெடுத்த நேரத்திலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார். மஞ்சள் உறை என்றால் நீதிமன்றம். வெள்ளை உறையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், மஞ்சளை அப்படிச் செய்ய முடியாது, யாரிடம் கொடுத்தேன், எந்த நேரம் கொடுத்தேன் என்று படிவத்தில் தபால்காரரே எழுதிக் கையெழுத்து வைத்து நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அவர்தான் சாட்சி. உறைக்கு மேலே வழக்கு இலக்கம் இருக்கும். இருபத்திரண்டு வருசம் கடிதம் போட்ட கைக்கு அந்த இலக்கமே போதும், உறையைப் பிரிக்காமலே உள்ளே என்ன என்று சொல்லிவிடும். உரோமன் எழுத்தில் பதினேழு என்று தொடங்கினால் பராமரிப்பு வழக்கு, தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாமல் போன ஒருவருக்காக முடிவெடுக்க நீதிமன்றம் ஓர் ஆளை நியமிக்கிற வழக்கு. இந்த உறையில் பதினேழு. பெயர் மன்ஃபிரெட்டின் பெயர் இல்லை, மனைவியின் பெயர். கிறிஸ்டா ஓஸ்டர்மான்.

போன நவம்பரில் ஒரு காலை கோப்பி வடிக்கும்போது கிறிஸ்டா அப்படியே குசினியில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது, மிஞ்சினது ஒரே ஒரு சொல், ‘யா’. ஓம், ஆமாம் என்று அர்த்தம். பசிக்கிறதா, யா. நோகிறதா, யா. நோகவில்லையா, அதற்கும் யா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பேச்சுப் பழக்குகிற பெண் ஒருத்தி கிழமைக்கு இரண்டு தரம் சின்ன நீலக் காரில் வருவாள், குசினி மேசையில் படங்களைப் பரப்பிவைத்து இது என்ன, பூனை, இது என்ன, கரண்டி என்று கேட்பாள், தபாலோடு போகும்போது ஜன்னல் வழியாகக் குகதாசன் கண்டிருக்கிறார். முப்பத்தைந்து வருசத்துக்கு முன் அதே மேசையில் கிறிஸ்டா அவருக்கு முன்னால் அதே மாதிரிப் படங்களைப் பரப்பிவைத்து இது என்ன என்று கேட்டவர். அகதி முகாமிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் நடந்து வருவார் குகதாசன், கேக் ஒரு துண்டு, ஜேர்மன் பத்துச் சொல். கரண்டிக்கு என்ன சொல் என்று முதல் கிழமை அவருக்கும் வாய்க்கு வரவில்லை. இந்தத் தை மாதம் ஒரு நாள் மன்ஃபிரெட் வாசலில் நின்று, குகா, இதையும் உன்ரை பையிலை போட்டுக்கொண்டு போ என்று ஓர் உறையைத் தந்தார். குகதாசன் போட்டுக்கொண்டு போனார். தங்கள் இருவரின் மருத்துவக் காப்புறுதி அட்டைகளையும் அதற்குள் வைத்து, உங்கள் கம்பெனியோடு எங்களுக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த கிழமை அந்தப் பெண் நீலக் காரில் வந்தபோது மன்ஃபிரெட் வாசல் படலையில் வைத்து அவளிடம் விசா கேட்டிருக்கிறார். அவள் சிரித்தாளாம், பிறகு அவர் சிரிக்கவில்லை என்று கண்டு பயந்து போனாளாம், அதன் பிறகு நீலக் கார் வரவில்லை. அந்த உறையைக் கொண்டுபோனது என் கைதான் என்ற நினைப்பு குகதாசனுக்கு இப்போதும் வந்தது, அவர் ஒன்பதாம் இலக்க வீட்டுப் பெட்டிக்குள் பதினோராம் இலக்கக் கடிதத்தைப் போட்டு, திரும்ப விரலை விட்டு இழுத்து எடுத்தார்.

எப்படி ஒரு மனிதர் அங்கே போய்ச் சேருகிறார் என்பதுதான் அவருக்கு ஆச்சரியம். கோபம் வரவேண்டிய இடம், கோபத்துக்கு முன்னால் ஒரு விடுப்பு வந்து நின்றுகொள்கிறது, பிறத்தியார் வீட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற விடுப்பு. எல்லாம் ஒரு கொட்டிலில் தொடங்கியது. ஓய்வு பெற்ற வருசம் மன்ஃபிரெட் விறகு வைக்க வீட்டோரம் ஒரு கொட்டில் போட்டார், தெருவிலிருந்து நாற்பது சென்ரிமீற்றர் குறைவாக விட்டுவிட்டார், இடியுங்கள் என்று நகரசபை கடிதம் போட்டது. திருகாணித் தொழிற்சாலையில் கடைசல் பட்டறையில் நாற்பது வருசம் நின்ற மனிதர், மில்லிமீற்றரில் நூறில் ஒன்று பிசகினால் இரும்பைத் தூக்கி எறிகிறவர், அவருக்கு அளவு தெரியாது என்று ஒருவன் கடிதம் எழுதுவதா? அதைத்தான் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. நகரசபையைத் தோற்கடிக்கிற சட்டத்தைத் தேடினார், பிறகு அந்தச் சட்டத்தைத் தோற்கடிக்கிற சட்டத்தை, கொம்பியூட்டரில் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவித் தாவி ஒரு நாள் அடிமட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார், நகரசபையும் இல்லை, அரசும் இல்லை, நாடே இல்லை. பழைய பேரரசு சாகவில்லையாம், யுத்தம் முடிந்து சமாதான ஒப்பந்தம் எழுதப்படவேயில்லையாம், இப்போது இருப்பது நாடு மாதிரி வேசம் போட்ட ஒரு கம்பெனியாம், அடையாள அட்டை வைத்திருக்கிறவன் அந்தக் கம்பெனியின் சிப்பந்தியாம். நாற்பது சென்ரிமீற்றருக்காக ஒரு முழு நாட்டையே இடித்துப்போட்டார். இவர் தன் அடையாள அட்டையை நகரசபைக்குத் தபாலில் அனுப்பினார், நகரசபை தபாலில் திருப்பி அனுப்பியது, இவர் அவர்களுக்கு, அவர்கள் இவருக்கு, மூன்று தரம் அந்த அட்டை மேட்டுத் தெருவால் ஏறி இறங்கியது, ஒவ்வொரு தரமும் குகதாசனின் சைக்கிளில். அனுப்புநர் பெயருக்கு ‘ஓஸ்டர்மான் குடும்பத்து மன்ஃபிரெட் என்னும் மனிதன்’ என்று எழுதி, தபால் குறியீட்டு இலக்கத்துக்குச் சதுர அடைப்பு போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் பெருவிரல் பதித்திருப்பார். படலைக்குக் குறுக்கே நிலத்தில் வெள்ளைக் கோடு ஒன்று கீறினார். கடிதப் பெட்டியைக் கழற்றினார், துவாரத்தைப் பலகை வைத்து அடித்தார். குகதாசனை மட்டும் வாசலில் நிறுத்தி, வீட்டில் செய்த முத்திரையால் ஒரு துண்டுக் கடதாசியில் குத்தி உள்ளே விடுவார், இருவரும் சிரிப்பார்கள், முதல் வருசம் சிரித்தார்கள்.

பதின்மூன்று, பதினைந்து. பதினைந்தில் நாய். நாய்க்கு அவரைத் தெரியும், ஆனாலும் கடமைக்கு ஒரு தரம் குரைத்தது. உன்ரை பேரும் பொய், குகா, என்று மன்ஃபிரெட் ஒரு நாள் சொல்லியிருக்கிறார். கடதாசியிலை இருக்கிற ஆள் நீ இல்லை. அவன் ஒரு பொம்மை, அவன் செத்தவன், நீ உயிரோடை இருக்கிற மனுசன். எல்லாருக்கும் சொல்கிற பாடம்தான், ஆனால் குகதாசனுக்கு மேல் முழுக்கச் சிலிர்த்துப் போனது, ஏனென்றால் அவர் விசயத்தில் அது அப்படியே உண்மை. எண்பத்தாறில் பேர்லினில் ஒரு நீட்டு மேசையில் படிவத்தைக் கொடுத்துக் குடும்பப் பெயர் எழுது என்றார்கள். குடும்பத்தின் பெயர் என்றால் அப்பாவின் பெயர்தானே, வேறு எதை எழுதுவது, சின்னத்தம்பி என்று எழுதினார். அன்றிலிருந்து இந்த நாட்டில் அவர் சின்னத்தம்பி. வங்கியில் சின்னத்தம்பி, பல் வைத்தியரிடம் சின்னத்தம்பி, தபால் கந்தோர்ச் சட்டையில் நெஞ்சுக்கு மேலே சின்னத்தம்பி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் திருமதி சின்னத்தம்பி என்று கூப்பிட்டால் அவர் மனைவி ரஞ்சிதமலர் எழும்பிப் போவாள், போய்விட்டு வந்து மாமிதான் போயிருக்க வேணும் என்று சிரிப்பாள். அப்பாவோ ஆனையிறவைத் தாண்டியதில்லை. சுருட்டுக் கொட்டிலில் உட்கார்ந்து சுருட்டுச் சுற்றி எழுபத்தொன்பதாம் ஆண்டிலேயே செத்துப்போன மனிதர் இப்போது ஜேர்மனியில் ஒரு மலையோர ஊரில் மழைச்சட்டை போட்டுச் சைக்கிளில் கடிதம் போடுகிறார். கடதாசி மனிதன் செத்தவன் என்று மன்ஃபிரெட் சொன்னால் அதை மறுக்க முடியுமா? ஒவ்வொரு மஞ்சள் உறைக்கும் கையெழுத்து வைப்பது அப்பாதான். ஆனால் அப்பாவின் பெயரில் வந்த கடவுச்சீட்டோடுதான் அப்பாவின் மகன் முதல் தரம் பயமில்லாமல் விமானத்தில் ஏறினான், அதையும் மறுக்க முடியாது. இதை மன்ஃபிரெட்டிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்தார், சொன்னால் அவர் அதற்கும் ஒரு சட்டம் வைத்திருப்பார்.

மற்றது, நாடுகள் இல்லாமல் போகும் என்பது குகதாசனுக்குப் புதுக்கதையும் இல்லை. அவர் வந்து இறங்கினதே இல்லாமல் போன ஒரு நாட்டில்தான். கிழக்கு பேர்லின் விமான நிலையம், அங்கே ஒரு பச்சைச் சட்டைக்காரன், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், டொக் என்று குத்தின முத்திரை. அந்த டொக் இன்னும் காதுக்குள் இருக்கிறது, நாடு நாலு வருசத்தில் போய்விட்டது, அந்தப் பச்சைச் சட்டைக்காரன் இப்போது எங்கே என்ன குத்துகிறானோ. பிறகு இரண்டாயிரத்து மூன்றில் சமாதான காலத்தில் ஊருக்குப் போனபோது ஓமந்தையில் ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டி இயக்கத்தின் நாட்டுக்குள் போனார். அங்கே நேரமே வேறு, கொழும்பு மாற்றின நேரத்தை அவர்கள் ஏற்கவில்லை, தாண்டியதும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ள வேண்டும். குகதாசன் தள்ளினார். சந்தோசமாகத் தள்ளினார், அதைச் சொல்ல வெட்கம் என்ன. நீலச் சட்டை பொலிஸ் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, ஐந்து வருசம் இழுத்த காணி வழக்கை ஒரு பின்னேரத்தில் தீர்த்தார்கள். உலகத்தில் ஒருவரும் அதை நாடு என்று சொல்லவில்லை. உள்ளே நின்றால் அது நாடு, வெளியே வந்தால் அது இல்லை. ஒரு கோடுதான் வித்தியாசம். அதனால்தான் மன்ஃபிரெட்டின் வெள்ளைக் கோட்டைப் பார்த்து மற்றத் தபால்காரர்கள் சிரித்தபோது அவருக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை. கோடு கீறுகிறவர்களை அவருக்குத் தெரியும். கோடு அழிகிற நாளையும் தெரியும். தங்கச்சி பவளராணியின் கலியாணப் பதிவு அந்த நாட்டின் நீதிமன்றத்தில்தான், நல்ல தடித்த கடதாசி, வடிவான முத்திரை. புருசன் கடைசிச் சண்டையில் போனான், அந்த நாடும் போனது, முகாமிலிருந்து வெளியே வந்தவள் கந்தோர் கந்தோராக ஏறினாள். நீ ஆர் அவருக்கு என்று கேட்டார்கள். மனுசி என்றாள். கடதாசி எங்கே என்றார்கள், காட்டினாள், இது என்ன கடதாசி என்றார்கள். ஆறு வருசம். ஒரு மரணச் சான்றிதழ் எடுக்க ஆறு வருசம், அவர்களுடைய கணக்கில் அவன் கலியாணமே கட்டவில்லை, அவள் ஒருவருடைய மனுசியும் இல்லை. தொலைபேசியில் ஒரு நாள் அவள், அண்ணை, நான் இருக்கிறனோ இல்லையோ எண்டு எனக்கே சந்தேகமாக்கிடக்கு என்றாள். சும்மா பகிடிக்குச் சொன்னமாதிரிச் சொன்னாள். அவர் அன்று வேலைக்குப் போகவில்லை.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அங்கே சுட்டுக்கொண்டிருந்தார்கள், இங்கே ஒரு விறகுக் கொட்டில். சம்பந்தமே இல்லை என்று இருபத்தோராம் இலக்கத்தின் பெட்டியை மூடினார், மூடினபிறகும் யோசனை மூடவில்லை. எல்லாம் மன்ஃபிரெட்டின் கடதாசிச் சண்டை, பேச்சுப் பழகாமல் இருப்பது கிறிஸ்டா. மகள் பெட்ரா ஹம்பேர்க்கிலிருந்து பெரிய வெள்ளிக்கு வந்தபோது தெருவில் மறித்து அழுதாள், அப்பா கதவைத் திறக்கயில்லை குகா, ஆறு மாதத்துக்குள்ளை பழக்கினால்தான் பேச்சு வருமாம், டொக்டர் சொன்னவர், அதுக்குப் பிறகு கஸ்ரமாம். நான் நீதிமன்றத்துக்கு எழுதப்போறன். எழுதிவிட்டாள், இதோ பதினேழு. நவம்பர், டிசம்பர், தை, அவர் கைப்பிடியில் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார், இது ஆறாவது மாதம். படிவத்தில் மூன்று நாலு கட்டங்கள் உண்டு. உரியவரிடம் நேரில் கொடுத்தேன் என்று ஒரு கட்டம். வாங்க மறுத்தார்கள், வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று ஒரு கட்டம், அப்படிச் செய்தாலும் சட்டப்படி சேர்ந்ததாகத்தான் கணக்கு. இன்னொரு கட்டம், இந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை. அதில் ஒரு கோடு கீறினால் உறை திரும்பிப் போகும், மேசையில் கிடக்கும், பொலிஸ் விசாரிக்கும், திரும்ப ஒரு உறை வரும், இரண்டு மாதம் போய்விடும். மன்ஃபிரெட் அதைத்தான் கேட்பார். கேட்கிற உரிமையும் அவருக்கு உண்டு, அதுதான் இங்கே முள்ளு. தொண்ணூற்றொன்பதில் குடியுரிமை வாங்கப் போன அன்று கூட வந்தது மன்ஃபிரெட். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார், தொழிற்சாலையில் பென்சன் வாங்கின அன்றும் கட்டாத மனிதர். அதிகாரி அந்தக் கடதாசியை நீட்டியபோது குகதாசன் சும்மா வாங்கிக்கொண்டார், மன்ஃபிரெட்தான் அழுதார், சத்தமாக, மூக்கைச் சீறிச் சீறி, இனி உன்னை ஒருத்தரும் திருப்பி அனுப்பேலாது குகா, ஒருத்தராலும் ஏலாது. அந்தக் கடதாசிக்காக அழுத மனிதர்தான் இன்று அது வெறுங்கடதாசி என்கிறார். எந்த மன்ஃபிரெட் உண்மையான மன்ஃபிரெட்? இரண்டு பேருமா? மேடு முடிந்து தெரு சமமானது, கடைசி வீடு தெரிந்தது, படலைக்குள் வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு அவர் ஏற்கனவே நின்றார்.

“நில் குகா. கோட்டைத் தாண்டாதை,” என்றார் மன்ஃபிரெட். “கூடையிலை மஞ்சள் தெரியுது.”

“ஓம். உங்களுக்கில்லை. கிறிஸ்டாவுக்கு.”

மன்ஃபிரெட் குனிந்து உறையைப் பார்த்தார். இரண்டு வருசமாக நீதிமன்றங்களோடு மல்லுக்கட்டுகிறவருக்கும் அந்த இலக்கம் தெரியும். முகம் வெளிறிப்போனது. “பெட்ரா செய்த வேலை,” என்றார். பிறகு நிமிர்ந்து, பாடம் ஒப்புவிக்கிற குரலில், “அப்பிடி ஒரு ஆள் இஞ்சை இல்லை. உதிலை எழுதியிருக்கிற கிறிஸ்டா ஓஸ்டர்மான் அவங்கடை கம்பெனியின்ரை சொத்து. இஞ்சை இருக்கிறது என்ரை மனுசி. ஆள் இல்லையெண்டு போடு. நீ போட்டால் நம்புவாங்கள்.”

“நேற்றும் ஜன்னலுக்காலை எனக்குக் கை காட்டினவ, மன்ஃபிரெட்.”

கோட்டுக்கு அந்தப் பக்கம் மன்ஃபிரெட்டின் செருப்பு நுனி, இந்தப் பக்கம் சைக்கிளின் முன்சில்லு. கிட்ட வந்தார், கள்ளன் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார். “அவளைக் கொண்டு போயிடுவாங்கள் குகா. எங்கையாவது ஒரு விடுதியிலை விட்டிட்டு, சனிக்கிழமையிலை வந்து பாருங்கோ எண்டுவாங்கள். நான் அவளுக்குச் சாப்பாடு தீத்திறன். தலை முழுக வாக்கிறன். எந்தப் பக்கம் சரிஞ்சு படுத்தால் அவளுக்கு நித்திரை வருமெண்டு எனக்குத் தெரியும். அந்த நீதவானுக்குத் தெரியுமோ?”

“தெரியாது,” என்றார் குகதாசன்.

“அண்டைக்கு உன்னோடை ஆர் வந்தது?”

“நீங்கள்தான்.”

“அப்ப போடு.”

பேனை சட்டைப் பையில் இருந்தது. குகதாசன் அதை எடுத்தார், ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான், இருபத்திரண்டு வருசத்தில் ஒரேயொரு பொய்க் கோடு, இந்தக் கை அதைக் கீறுமா என்று பார்க்க அவருக்கே ஒரு ஆசை வந்தது, வேறு யாரோ ஒருவருடைய கையைப் பார்க்கிற மாதிரி. கீறினால் மன்ஃபிரெட் கட்டிப்பிடிப்பார். இரண்டு மாதம் கிறிஸ்டா அந்த ஜன்னலில் இருப்பார், சுத்தமாகக் குளிப்பாட்டி, தலை வாரி, நல்லாகத்தான் இருப்பார், எல்லாவற்றுக்கும் யா சொல்லிக்கொண்டு. இல்லை என்று ஒருவரைப் பற்றி எழுதிவிட்டால் பிறகு ஆறு வருசம் அவர்தான் வந்து இருக்கிறேன் என்று காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இல்லை, அது பவளம். இது கிறிஸ்டா. இரண்டும் தலைக்குள் ஒன்றுக்குமேல் ஒன்று ஏறி நின்றன, அவருக்குப் பயமாக இருந்தது, மன்ஃபிரெட் சொல்வதுபோல விடுதியில் கொண்டுபோய் அடைத்துவிட்டால் அந்தப் பாவமும் இந்தக் கைக்குத்தானே. பலகையில் சில்லு உருளுகிற சத்தம் கேட்டது.

கிறிஸ்டாதான். வாசற்படிக்கு மேலே மன்ஃபிரெட் தன் கையாலேயே செய்து போட்ட பலகைச் சரிவில் சக்கர நாற்காலி இறங்கி வந்தது, இடது கையால் ஒரு சில்லைத் தள்ளி, இடது காலால் நிலத்தை உதைத்து, நேராக வராமல் ஒரு பக்கம் இழுத்து இழுத்து. மன்ஃபிரெட் பிடிக்க ஓடினார். கிறிஸ்டா அந்தக் கையைத் தட்டிவிட்டார். வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நாற்காலி நின்றது. மூச்சு வாங்கியது, கன்னம் சிவந்திருந்தது. இடது கையைக் கோட்டுக்கு மேலால் நீட்டினார், உள்ளங்கை மேலே பார்த்தபடி.

கொடுத்துவிடலாம். ஆனால் உரியவர்தானா என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது, தெரிந்த ஆளாக இருந்தாலும் குகதாசன் கேட்பார், அது அவருடைய பழக்கம், மற்றவர்கள் கேட்பதில்லை. கேட்டால் யா என்பார், எல்லாவற்றுக்கும் யா தானே, நீ சந்திரனா என்றாலும் யா தானே, மன்ஃபிரெட் அதைப் பிடித்துக்கொள்வார், பாத்தியோ, விளங்காமல் சொல்லுறாள் என்பார். அதற்காகக் கேட்காமல் விடுவதா? குசினி மேசையில் செவ்வாய்க்கிழமை தோறும் தன்னைக் கேட்டவர் கிறிஸ்டா, பதில் வரும்வரை காத்திருந்தவர். குகதாசன் சைக்கிளை நிறுத்திவிட்டு, உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பேரென்ன எண்டு சொல்லுங்கோ,” என்றார்.

“யா,” என்றார் கிறிஸ்டா.

“பாத்தியோ,” என்றார் மன்ஃபிரெட்.

கிறிஸ்டா தலையை ஆட்டினார், அதில்லை, அதில்லை என்று கோபமாக ஆட்டினார், கண்ணை மூடினார். வாய் ஒரு பக்கம் கோணியது. கழுத்து நரம்பு எழும்பியது, பாரம் தூக்குகிறவர்களுக்கு எழும்புவது மாதிரி. குகதாசன் காத்திருந்தார். தெருவில் ஒரு கார் போனது, பதினைந்தாம் வீட்டு நாய் கடமைக்கு ஒரு தரம் குரைத்தது, அவர் காத்திருந்தார். “கி...” என்றது தொண்டை. “கிறி... கிறிஸ்... டா.” மூச்சை இழுத்தார். “ஓஸ்... டர்... மான்.” கண்ணைத் திறந்தார்.

உறை கை மாறியது. குகதாசன் படிவத்தைச் சைக்கிள் இருக்கையில் வைத்து, பத்து நாற்பத்திரண்டு, உரியவரிடம் நேரில் கொடுத்தேன், கோடு, கையெழுத்து என்று எழுதினார். கண் கலங்கிவிட்டது, துடைக்கவில்லை.

மன்ஃபிரெட் நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். எப்போது இருந்தார் என்று குகதாசன் காணவில்லை. “இன்னொருக்காச் சொல்லு,” என்றார். “கிறிஸ்டா. இன்னொருக்காச் சொல்லு பாப்பம்.” கிறிஸ்டா அவரைப் பார்க்கவில்லை. உறையை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி, ஒற்றைக் கையால் மடிப்பைக் கிழிக்கப் பார்த்தார். வலது முழங்கால் பிடிக்கவில்லை, உறை நழுவியது. திரும்ப எடுத்தார், திரும்ப நழுவியது. மூன்றாம் தரம் அதைத் தூக்கிப் புருசனின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மன்ஃபிரெட் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மேலே வந்தது, நின்றது. கிறிஸ்டா நீட்டிய கையை இறக்கவில்லை. மன்ஃபிரெட் வாங்கினார். பேனாக்கத்தியை எடுத்து விளிம்போரமாக ஒரு பிசிறும் இல்லாமல் வெட்டினார், சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடிப் போட்டார், உள்ளே இருந்த தாளை விரித்தார். பிறகு மனைவிக்குக் கேட்கும்படியாக, மேலே இருந்த பெயரிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.